கரண்ட் வைத்த இடம்

எங்கள் ஜலகண்டாபுரத்தில் "ரேடியேஷன்" என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. "கதிர்வீச்சு" என்றால் மீதிப் பேருக்கும் புரியாது. "கரண்ட் வைத்தார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டிகூட உலக்கையை நிறுத்திவிட்டு, "யாருக்கு? எந்த இடத்திலே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாள். தறிக்கும் கரண்டுதான், கிணற்று மோட்டாருக்கும் கரண்டுதான், புற்றுநோய்க்கும் கரண்டுதான். ஆஸ்பத்திரியில் வைப்பது மின்சாரம் அன்று, எக்ஸ்ரே போன்ற கதிர் என்று எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். "அதான் கண்ணு, கரண்டு" என்று முடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்து, தொட்ட இடத்தில் வேலை செய்துவிட்டுப் போகிற ஒன்றுக்கு எங்கள் ஜனங்கள் சூட்டிய பெயர் அது. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு ஆறு வருஷங்களுக்கு முன்பு கரண்ட் வைத்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். நல்லபடியாகக் குணமாகி, மறுபடியும் தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் அந்த வியாதி வேறிடத்தில் தலைகாட்டியது. இந்தத் தடவை டாக்டர் சொன்னது புது விதமான மருந்து. உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பிப் புற்றுநோயோடு சண்டை போட வைக்கும் ஊசி. இம்யூனோதெரபி என்கிறார்கள். விலை லட்சங்களில்.

பெரியம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி, உலகத்தின் பெரிய பெரிய புற்றுநோய் நிபுணர்கள் இன்றைக்கும் மாநாடு கூட்டி விவாதித்துக்கொண்டிருக்கிற கேள்வி.

"ஏங் கண்ணு, முன்னாலேயே கரண்டு வெச்ச ஒடம்பு இது. இதுக்கு இந்த ஊசி புடிக்குமா?"

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்ற உரிமையில் என்னைக் கேட்டாள். டாக்டர்களைக் கேட்டும், படித்தும் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. சுமார் 80,000 பேர் அதனால் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வருகிறவர்களில் மிகப் பலர் முற்றிய நிலையில் வருவதால், அவர்களுக்கு முதல் சிகிச்சையே கரண்டாகத்தான் இருக்கிறது. ஆகவே வியாதி திரும்பி வரும்போது, பெரியம்மாவின் கேள்வியும் கூடவே வருகிறது.

* * *

முதலில் அந்தக் கரண்டின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வியாதி திரும்பியது தெரிந்ததும் வீட்டில் எழுந்த முதல் பேச்சு, "அன்றைக்குக் கரண்ட் வைக்காமல் ஆபரேஷன் செய்திருக்கலாமோ?" என்பதுதான்.

தமிழ்நாட்டில் புற்றுநோய் சிகிச்சையின் கதை ஒரு பெண்ணின் துக்கத்தில் ஆரம்பித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் மனத்துக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷப் பாடுபட்டு 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் கண்ணை மூடும் வரை அந்த ஆஸ்பத்திரியே வீடாக வாழ்ந்தார். 1950-களின் பிற்பகுதியில் அங்கே கோபால்ட்-60 என்ற கதிர் இயந்திரம் கனடாவிலிருந்து வந்து இறங்கியது. எத்தனையோ ஊர்களிலிருந்து ரயிலேறி வந்த தாய்மார்கள் அதற்குக் கீழே படுத்து எழுந்து, பிழைத்து, பேரன் பேத்தி எடுத்தார்கள்.

கதிர் செய்கிற வேலை இதுதான். ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூலிழை இருக்கிறது. கதிர் அந்த இழையை அறுத்துவிடுகிறது. நல்ல அணுவறைகள் அறுந்த இழையை ஓரளவு பிணைத்துக்கொண்டு பிழைக்கும். புற்றுநோய் அணுவறைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அறுந்த இழையோடு பெருகப் பார்த்துச் செத்துப்போகும். அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல், வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். பிறகு "உள் கரண்ட்" என்று கர்ப்பப்பைக்குள்ளேயே கதிர்ப் பொருளை வைத்துச் சில தடவை. 1999-இல் இன்னொரு விஷயம் உறுதியாயிற்று. கரண்டோடு கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஏற்றினால் இன்னும் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று பல ஆராய்ச்சிகள் ஒருமுகமாகச் சொல்ல, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் டாக்டர்களுக்கெல்லாம் அவசர அறிக்கை அனுப்பியது. அன்று முதல் உலகம் முழுவதும் அதுவே முறை.

பெரியம்மாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். மாதவிலக்கு நின்று வருஷங்களான பிறகு மறுபடியும் உதிரம் கண்டபோது, "இந்த வயசிலே இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்" என்று ஐந்து மாதம் புடவை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தவள் அவள். அந்த நிலைமைக்குக் கத்தியைவிடக் கதிரே சரியான சிகிச்சை. அது ஆறு வருஷ ஆயுளைக் கொடுத்தது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு மகள் கல்யாணம், இரண்டு பேரக் குழந்தைகள். கரண்டைக் குறை சொல்ல நியாயமே இல்லை.

* * *

இப்போது ஊசிக்கு வருவோம்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, ராத்திரி ரோந்து சுற்றும் போலீஸ்காரர் மாதிரி உடம்பு முழுவதும் சுற்றி வரும். அந்நியன் யார், நம்மவன் யார் என்று பார்த்து, அந்நியனைத் தீர்த்துக் கட்டும். ஆனால் போலீஸ்காரர் கண்மண் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தால் ஊர் தாங்குமா? அதனால் இயற்கையே அந்த அணுவுக்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறது. பி.டி.-1 என்று அதற்குப் பெயர். ஜப்பானிய விஞ்ஞானி தாசுகு ஹோன்ஜோவின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1992-இல் கண்டறிந்தார்கள். புற்றுநோய் அணு படு கெட்டிக்காரத்தனமாக அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்து அழுத்திக்கொள்கிறது. போலீஸ்காரர் எதிரிலேயே நிற்பார். கை ஓங்க மாட்டார்.

அழுத்துகிற அந்தக் காலைத் தட்டிவிடுவதுதான் பெம்ப்ரோலிசுமாப், செமிப்லிமாப் போன்ற ஊசிகளின் வேலை. ஊசி புற்றுநோயைக் கொல்வதில்லை. கொல்லக்கூடிய நம் சொந்த அணுக்களை விடுவிக்கிறது. இந்த வழியைத் திறந்து வைத்ததற்காக ஹோன்ஜோவுக்கும் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிஸனுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த மருந்து பொருந்தும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இருந்தது. இந்த வியாதி பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. ஜெர்மானியரான ஹெரால்ட் சூர் ஹவுஸன் 1980-களில் இதைக் கண்டுபிடித்து, 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸ் என்பது முழு அந்நியன். அதன் சாயல் புற்றுநோய் அணுவின் முகத்தில் இருப்பதால், ரோந்துக்காரருக்கு அடையாளம் காண்பது சுலபம்.

அப்படியானால் முன்பு வைத்த கரண்ட் இந்த ரோந்துக்காரர்களை என்ன செய்திருக்கும்? பெரியம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

கரண்ட் ஒரு வகையில் உதவி செய்கிறது. கதிர் பட்டுச் சாகும் புற்றுநோய் அணுவறை சும்மா சாவதில்லை. உடைந்து, உள்ளே ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் வெளியே கொட்டுகிறது. திருடனின் மூட்டை நடுத்தெருவில் அவிழ்ந்த மாதிரி. அறுந்த டி.என்.ஏ. துண்டுகள் அபாய மணி அடிக்கின்றன. ரோந்துக்காரர்கள் ஓடி வந்து அந்த அடையாளங்களைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். மிக அபூர்வமாக, ஓரிடத்தில் கரண்ட் வைக்க, கரண்டே படாத வேறிடத்துக் கட்டியும் கரைந்துபோவதுண்டு. 1953-லேயே மோல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதற்கு "அப்ஸ்கோபல்" விளைவு என்று பெயர் வைத்தார். 2012-இல், எதிர்ப்புச் சக்தி மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தோல் புற்றுநோயாளிக்கு இப்படி நடந்ததை விவரமாக எழுதியபோது டாக்டர்கள் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்னொரு வகையில் கரண்ட் உபத்திரவமும் செய்கிறது. ரோந்து சுற்றும் அந்த வெள்ளை அணுக்கள் கதிரைத் தாங்க மாட்டாத பூஞ்சை ஜாதி. கொஞ்சம் கதிர் பட்டாலே மடிந்துவிடும். போதாக்குறைக்கு, பெரியவர்களுக்கு ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையில் பெரும் பங்கு இடுப்பெலும்பிலும் அடி முதுகெலும்பிலும் இருக்கிறது. கர்ப்பப்பைக்குக் கரண்ட் வைக்கும்போது அந்த ஊற்றும் வாடுகிறது. சிலருக்கு இந்த அணுக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏற வெகு காலம் ஆகும். மேலும் கரண்ட் பட்ட இடத்தில் தழும்பு கட்டுகிறது. சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரோந்துக்காரர் வர வேண்டுமானால் ரத்தத்தின் வழியாகத்தானே வர வேண்டும்? பாதையே தூர்ந்துபோன தெருவுக்கு எந்தப் போலீஸ் வரும்?

இவை இரண்டும் ஒரே உடம்பில் நடப்பவை. எது மேலோங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒன்று காலம், மற்றொன்று இடம்.

காலம் என்றால், கரண்ட் அடிக்கிற அபாய மணி வருஷக் கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்காது. கரண்டும் ஊசியும் சேர்ந்து போகும்போது அந்த மணியால் ஆதாயம் எதிர்பார்க்கலாம். ஆறு வருஷம் கழித்து ஊசி போடுகிறவர்களுக்கு மணியோசை எப்போதோ அடங்கிப்போயிருக்கும். வாடிய ஊற்று அதற்குள் ஓரளவு சுரந்திருக்கலாம் என்பதே அவர்களுக்குச் சாதகம்.

இடம் என்றால், வியாதி திரும்பியது கரண்ட் வைத்த எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா என்பது. உள்ளே திரும்பியிருந்தால், அது கதிரையே தாக்குப்பிடித்த முரட்டு வித்து. தழும்புக்கும் குறுகிய ரத்தக் குழாய்களுக்கும் நடுவில் முளைத்திருக்கிறது. மருந்தும் ரோந்துக்காரரும் போய்ச் சேருவது சிரமம். வெளியே திரும்பியிருந்தால், அந்த மண் தழும்பு படாத மண். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சட்டமில்லை. ஆனாலும் சிகிச்சையைத் தீர்மானிக்க உட்காரும் டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்.

* * *

இவ்வளவும் கொள்கை. நடைமுறையில் என்ன கண்டார்கள்?

திரும்பி வந்த, அல்லது பரவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள 617 பெண்களை வைத்து "கீநோட்-826" என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2021-இல் முடிவு வெளியாயிற்று. எல்லோருக்கும் வழக்கமான கீமோ மருந்து. பாதிப் பேருக்குக் கூடவே பெம்ப்ரோலிசுமாப். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேர் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் நூற்றுக்கு 40 பேர். பிற்பாடு அந்தக் கணக்கையே பிரித்துப் பார்த்தார்கள். முன்பு கீமோவோடு கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்கும் பலன் இருந்தது, வைக்காதவர்களுக்கும் பலன் இருந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். முன்பு கரண்ட் வைத்த உடம்பு என்பதற்காக இந்த ஊசியின் கதவு அடைபட்டுவிடவில்லை.

கீமோ கொடுத்தும் வியாதி மீண்டும் வளர்ந்த 608 பெண்களிடம் செமிப்லிமாப் என்ற ஊசியைத் தனியாகப் பரீட்சித்த முடிவு 2022-இல் வந்தது. நடுக்கணக்கில் ஆயுள் எட்டரை மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் ஆயிற்று. கேட்பவருக்கு மூன்றரை மாதம் சொற்பமாகப் படலாம். பேத்தியின் காதுகுத்துக்குத் தேதி பார்த்து வைத்திருப்பவரைக் கேளுங்கள், அது எவ்வளவு என்று சொல்வார்.

அடுத்து, கரண்டையும் ஊசியையும் ஒரே காலத்தில் ஆரம்பித்தால் என்ன என்று பார்த்தார்கள். "கல்லா" என்ற ஆராய்ச்சியில் 770 பெண்களுக்குத் துர்வலுமாப் கொடுத்தோ கொடுக்காமலோ பார்த்ததில் தெளிவான லாபம் தெரியவில்லை. "கீநோட்-ஏ18" என்ற ஆராய்ச்சியில், முற்றிய நிலையில் இருந்த 1,060 பெண்களிடம் பெம்ப்ரோலிசுமாப் நல்ல பலன் காட்டியது. மூன்று வருஷ முடிவில் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு சுமார் 83 பேரும், கரண்டும் கீமோவும் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு சுமார் 75 பேரும் உயிரோடு இருந்தார்கள். 2024-இல் அமெரிக்கா இந்த முறைக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. ஒரே யோசனை, இரண்டு மருந்து, இரண்டு முடிவு. எந்த மருந்து, எவ்வளவு முற்றிய நோயாளிகள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. "கரண்டும் ஊசியும் சேர்ந்தால் கட்டாயம் ஜெயம்" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பிவிடாதீர்கள்.

* * *

பெரியம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது நானும் கூட இருந்தேன். தாரமங்கலம் வழியாகச் சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் பொறுமைசாலி. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய கரண்ட் ரிப்போர்ட் இருக்கிறதா அம்மா? எத்தனை நாள், எவ்வளவு அளவு, எதுவரைக்கும் வைத்தார்கள் என்று எழுதிக் கொடுத்திருப்பார்களே?"

பெரியம்மா மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். நூல் கடைக் கணக்குச் சீட்டு, ரேஷன் கார்டு, மகள் கல்யாணப் பத்திரிகை, இவற்றுக்கு நடுவே நான்காக மடித்த காகிதம். மடிப்பில் கிழிந்துபோனதைக் கோந்து போட்டு ஒட்டி வைத்திருந்தாள். ஆறு வருஷமாகத் தறிக்கூடத்துப் பெட்டியில் பட்டுப்புடவையோடு பூட்டி வைத்திருந்ததாம்.

டாக்டர் அதை மேஜைமேல் விரித்துப் புது ஸ்கேனோடு ஒத்துப் பார்த்தார். பழைய இடத்தில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே, முதுகெலும்பை ஒட்டிய நெறிகளிலும், நுரையீரலில் ஓரிடத்திலும்தான் வியாதி. அதாவது, கரண்ட் வைத்த எல்லைக்கு வெளியே. "பழைய இடத்திலேயே வந்திருப்பதைவிட இது ஒரு விதத்தில் தேவலை" என்றார்.

அந்தக் காகிதத்தால் வேறு இரண்டு முடிவுகளும் ஏற்பட்டன. பி.டி.-எல்.1 என்ற பரிசோதனையைப் பழைய தசைத்துணுக்கில் செய்வதா, புதிதாக எடுப்பதா என்ற கேள்விக்கு, "அது கரண்ட் வைப்பதற்கு முன்னால் எடுத்தது, இடையில் குணம் மாறியிருக்கலாம்" என்று புதிதாக எடுக்கச் சொன்னார். இரண்டாவது, பெவசிசுமாப் என்ற மருந்தைப் பற்றியது. புற்றுநோய்க்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கிற மருந்து அது. ஆயுளை நீட்டுகிறது என்று 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆனால் அதே ஆராய்ச்சியில் சிலருக்குக் குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்தது. அப்படி விழுந்தவர்கள் அத்தனை பேரும் முன்பு இடுப்பில் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள்! பெரியம்மாவுக்குக் கரண்டுக்குப் பிறகு மலத்தில் ரத்தம் போன கதை உண்டு. "ஆகையால் அந்த மருந்து இப்போது வேண்டாம்" என்றார் டாக்டர்.

பிறகு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். இந்த ஊசி பிரேக்கை விடுவிக்கிறதல்லவா, சில சமயம் ரோந்துக்காரர் சொந்த வீட்டையே அடித்துவிடுவார். குடல் புண்ணாகிப் பேதி ஆகலாம், தைராய்டு கெடலாம், நுரையீரல் அழன்று மூச்சு முட்டலாம். முன்பு கரண்ட் வைத்தவர்கள் பேதியைக் கண்டால், "அது பழைய கரண்ட் கோளாறு" என்று சும்மா இருந்துவிடுவார்கள். இருக்கக் கூடாது. உடனே வந்து சொல்ல வேண்டும். காலத்தில் சொன்னால் பெரும்பாலும் மருந்து கொடுத்து அடக்கிவிடலாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெரியம்மா, கடைசியில் ஒன்று கேட்டாள்.

"நூறு பேருக்கு ஊசி போட்டா எத்தனை பேருக்குங்க சாமி புடிக்கும்?"

டாக்டர் மழுப்பவில்லை. மேலே நான் எழுதிய ஐம்பதையும் நாற்பதையும் சொன்னார்.

பெரியம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்போ நூத்துக்குப் பத்து பேரு" என்றாள். "பாவுலே நூறு இழையிலே பத்து இழை மிச்சமானா, நான் விட்டுடுவேனா?"

* * *

விடவில்லை. ஆனால் பணம்? அன்று இரவு வீட்டில் பெரிய விவாதம். இரண்டு தறியையும் விற்றுவிடலாம் என்றான் மகன். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "என்னைப் பொழைக்க வெச்சுட்டு, நாளைக்கு நீங்க எதைத் திங்கறது?" என்றாள். கடைசியில் ஒரு தறி போயிற்று. தம்பிமார் கொடுத்தது கொஞ்சம். மருந்துக் கம்பெனியின் சலுகைத் திட்டம் ஒன்றுக்கு ஆஸ்பத்திரியிலேயே எழுதிப் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒன்று இருப்பது கேட்டால்தான் தெரிகிறது. கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

இந்த விலை இப்படியே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல அடையாளம் தெரிகிறது. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள், வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நிவோலுமாப் என்ற இதே வகை ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், வேறு மலிவான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16-இலிருந்து 43 ஆக உயர்ந்தார்கள். 2022-இல் இந்த முடிவு வெளியாயிற்று. அது வேறு புற்றுநோய்; கர்ப்பப்பை வாய்க்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், தறியை விற்காமல் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் காலம் வரலாம் என்று ஆசைப்பட இடமிருக்கிறது.

பெரியம்மாவுக்கு நான்கு ஊசி ஆனதும் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இருந்தது சிறுத்திருக்கிறது. நெறிகள் வளரவும் இல்லை, கரையவும் இல்லை. "நல்லதுதான், தொடருவோம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மிச்சமிருக்கும் ஒரு தறிக்குப் பெரியம்மா தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

* * *

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எந்த வியாதிக்காவது கரண்ட் வைத்திருந்தால், அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, உள் கரண்ட் எத்தனை முறை, கூடக் கொடுத்த மருந்து என்ன — இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். தொலைந்திருந்தால் இன்றே சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரிக்குப் போய் நகல் கேளுங்கள். ஒரு போட்டோ எடுத்து மகன், மகள் போனிலும் போட்டு வையுங்கள். நிலப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறோம். உடம்புக்கும் ஒரு பத்திரம் உண்டு.

இரண்டாவது, கரண்டும் ஊசியும் தேவைப்படாமலே இருக்க ஒரு வழி இருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் காடித் திராவகத்தைத் தடவிப் பார்ப்பது. சமையல் வினிகரில் இருப்பதும் அதே திராவகம்தான். கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். சில நிமிஷ வேலை. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தன. 2007-இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையான லான்ஸெட்டில் இது வெளிவந்தது. ஏழை நாடுகள் பலவற்றுக்கும் வழிகாட்டியது நம் திண்டுக்கல்! இன்றைக்குத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தப் பரிசோதனையைக் காசில்லாமல் செய்கிறார்கள். பெண் குழந்தைகளுக்குப் போட, நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற ஹெச்.பி.வி. தடுப்பூசியும் 2023-இல் வந்துவிட்டது.

முப்பது வயது தாண்டியவர்கள் அடுத்த வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். அக்காவையோ நாத்தனாரையோ அடுத்த வீட்டு அம்மாளையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள். உதிரமோ வெள்ளையோ வழக்கத்துக்கு மாறாகக் கண்டால் ஒரு நாளும் ஒளிக்காதீர்கள். அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால், அவர்களையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.